மௌனம் எத்தனை தட்டு

அங்காரா
1961 அக்டோபர் 3

மதிப்புக்குரிய பெஹிஜே அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? மழை தொடங்கினால் போஸ்பரஸின் ஈரம் உங்களுக்கு எலும்பில் ஏறிவிடும். மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறீர்களா? நானும் நெவினும் நலம். இங்கே குளிர் இந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது.

நல்ல செய்தி ஒன்று. வருகிற ஏப்ரலோடு அப்பா போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. வானொலியில் என் மேலதிகாரிகள் கடைசியில் சம்மதித்துவிட்டார்கள். இஸ்தான்புல்லில் ஒரு பெரிய கச்சேரி, கூடவே ஒரு புத்தகம். ‘தன்பூர்க் கலைஞர் ராசிஹ் பே: வாழ்வும் இசையும்.’ எழுதுவது உங்கள் தம்பி. அப்பாவின் பாட்டுகள் அத்தனையும் முதல் முறையாகச் சுரக்குறிப்போடு அச்சில் வரப்போகின்றன. தாளில் எழுதினால் பாட்டு செத்துவிடும் என்று கடைசிவரை பிடிவாதம் பிடித்த மனிதர்! இப்போது அவர் பெயரை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடப்போகிறார்கள்.

மற்றப் பாட்டுகளில் சிக்கல் இல்லை. ஹுஸாம் என்னும் மகாம் ராகத்தில் உள்ள அந்த ஒன்றுதான் இடிக்கிறது.

ரோஜாவும் வந்தது, புல்புலும் வந்தது;
இந்தத் தோட்டத்துக்கு இன்னும் என்ன குறை?

முதல் அடி முடிந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. குரல் இல்லை, தன்பூரின் தந்தி இல்லை, முழங்காலில் தாளம் தட்டுவதுகூட இல்லை. நம் இசையில் இப்படி ஒரு மௌனத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. இந்தப் பாட்டை அப்பாவிடம் நேரில் கற்ற மாணவர்கள் இன்று இரண்டு பேர்தான். கியாஸிம் எட்டுத் தட்டு நிற்கிறார். முஸெய்யென் அம்மாள் பதினான்கு தட்டு நிற்கிறார். இருவரும் கடிதத்திலேயே அடித்துக்கொள்கிறார்கள்.

நான் அங்காராவுக்கு வந்த பிறகு அப்பா போட்ட பாட்டு இது. அப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீங்கள். எனக்கு ஒரே ஓர் எண் சொல்லுங்கள். அந்த மௌனம் எத்தனை தட்டு?

உங்கள் கைகளை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ளும்
தம்பி வெதாத்

*

கான்லிஜா
1961 அக்டோபர் 29

என் கண்ணே வெதாத்துக்கு,

நீயும் நெவினும் சுகமாக இருப்பது அறிந்து மனம் நிறைந்தது. முழங்காலைப் பற்றிக் கேட்டாய். வானொலியைவிட அது நன்றாக மழை சொல்கிறது.

பதில் தாமதமானதற்குக் கூரைதான் காரணம். வடக்கு மூலையில் ஓடு நகர்ந்து, அப்பா பாடம் சொன்ன மாடி அறையில் தண்ணீர் ஒழுகுகிறது. சரிபார்க்க வந்தவன் ஏணியில் ஏறி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அம்மா, ஓடு மாத்தினா பத்தாது. ஓட்டை விட்டுட்டு வீட்டை மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவனுக்குக் காப்பி வேறு கொடுத்தேன்.

தேர்தல் முடிந்து தெரு கொஞ்சம் வாயை மூடியது. இன்று குடியரசு நாள் என்று காலையிலிருந்து பாண்டு வாத்தியம். துறைமேடையில் பிள்ளைகள் கொடி பிடித்துக்கொண்டு நனைந்தார்கள்.

முஸெய்யென் வந்திருந்தாள். அவளுக்கும் நீ எழுதியிருக்கிறாயாம். “பெஹிஜே, அந்தக் கியாஸிம் எட்டுன்னு சொல்றானாமே? காதுல பஞ்சு வச்சுக்கிட்டா பாடம் கேட்டான்?” என்று ஒரு மணி நேரம் கத்தினாள். நான் சீமைமாதுளையை நறுக்கிக்கொண்டே இருந்தேன். கியாஸிமை நீ அதிகம் அறியமாட்டாய். நீ போன பிறகு வந்தவன். கேட்டதை அப்படியே திருப்பிக் கொடுப்பான். ஒரு முறை அப்பா பாட்டின் நடுவில் இருமினார். அடுத்த வாரம் இவனும் அதே இடத்தில், அதே சுருதியில் இருமினான். “டேய், அது பாட்டு இல்லடா, சளிடா!” என்று அப்பா சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரித்து நான் பார்த்த கடைசிச் சில நாட்களில் அதுவும் ஒன்று.

சீமைமாதுளை ஜாம் இரண்டு புட்டி அனுப்பியிருக்கிறேன். மூடியை நெவின் திறக்கட்டும். நீ திறந்தால் புட்டி உடையும்.

உன் கண்களில் முத்தமிடும்
அக்கா பெஹிஜே

*

அங்காரா
1961 நவம்பர் 14

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உடல்நலம் விசாரித்து எழுதுகிறேன். ஜாம் வந்தது, புட்டி உடையவில்லை. நெவின் ரொட்டியே இல்லாமல் தின்கிறாள். கூரைச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், நல்ல ஆளாகக் கூப்பிடுங்கள்.

ஜாம் வந்தது, கூரை வந்தது, முஸெய்யென் அம்மாள் வந்தார். என் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

அக்கா, இது வெறும் எண் இல்லை. பாட்டுகளை அங்கீகரிக்கும் எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார். அவர் போன வாரம் எல்லோர் முன்னாலும் சொல்கிறார்: “வெதாத் பே, உங்க அப்பாவுக்கு அடுத்த வரி மறந்துபோயிருக்கும். அதுக்குப் போய் ஒரு அத்தியாயமா?” எல்லோரும் சிரித்தார்கள். ஓர் எண்ணைக் காட்டினால் அவர் வாய் அடைபடும். எண்ணிப் போட்ட மௌனம் என்றால் அது கலை. எண்ணாமல் நின்றால் அது தடுமாற்றம்.

எனக்கு ஒரு கருத்து உருவாகிக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்கும் எனக்கும் 1935இல் இசையைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த விவாதத்துக்கும் இந்த மௌனத்துக்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன். விரிவாகப் பிறகு எழுதுகிறேன். நீங்கள் எண்ணைச் சொல்லுங்கள்.

கைகளை முத்தமிடும்
வெதாத்

*

கான்லிஜா
1961 டிசம்பர் 10

வெதாத் கண்ணுக்கு,

அங்கே பனி கொட்டுகிறது என்று செய்தியில் சொன்னார்கள். கம்பளி உள்சட்டை போடுகிறாயா, அல்லது அதிகாரிகள் அதெல்லாம் போடக் கூடாதா? நான் அடுப்பை விட்டு நகர்வதில்லை. கூரைக்குத் தார்த்துணி போட்டாயிற்று. உன் பணம் வேண்டாம், நன்றி.

அப்பா எண்ணவில்லை.

நீ கேட்டதற்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். முதல் அடி முடிந்ததும் அவர் வலது கை முழங்காலிலிருந்து உயரும். உயர்ந்து அப்படியே நிற்கும். உஸ்தாதின் கை உயர்ந்தால் அறையில் யாரும் அசையக் கூடாது, அது இறங்கும்வரை எழக் கூடாது, எச்சில்கூட விழுங்கக் கூடாது. நீயும் அந்த அறையில் உட்கார்ந்து கற்றவன்தான், மறந்திருக்காது. சில நாள் கை சீக்கிரம் இறங்கும். சில நாள் எங்களுக்குக் கால் மரத்துப்போகும்.

ஒரு நாள் கியாஸிம் மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டான். “பெஹிஜே அக்கா, உஸ்தாத் அங்க நிக்கிறது பாட்டோட சேந்ததா? நானும் நிக்கணுமா?” நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது அந்தப் பிள்ளையிடம்? அதற்குப் பிறகு முஸெய்யென் கேட்டாள், அவளிடமும் ஆமாம் என்றேன்.

இதோடு இந்தப் பேச்சை விடு. அந்த இடத்தில் நிற்காமல் பாடிவிட்டுப் போகச் சொல் உன் பாடகர்களை. பாட்டு ஒன்றும் கெட்டுவிடாது.

கண்களில் முத்தம்.
அக்கா

*

அங்காரா
1962 ஜனவரி 8

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

புத்தாண்டு உங்களுக்கு ஆரோக்கியத்தைத் தரட்டும். எனக்குக் கொஞ்சம் இருமல், மற்றபடி நலம். உள்சட்டை போடுகிறேன்.

‘அப்பா எண்ணவில்லை.’ இந்த இரண்டு வார்த்தைக்காக உங்களுக்கு ஆயிரம் நன்றி! எண்ணத் தேவையே இல்லாத அளவுக்கு அந்தக் கணக்கு அவர் கையில் ஊறியிருக்கிறது. நிற்காமல் பாடிவிடச் சொல்கிறீர்களே, அந்த மௌனம்தான் அப்பாவின் மொத்த வாழ்க்கையிலேயே உயர்ந்த சாதனை. இதோடு ஒரு பத்திரிகைப் பக்கம் வைத்திருக்கிறேன். புத்தகத்தின் கடைசி அத்தியாயத்திலிருந்து எடுத்தது. நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. நான் கோடிட்ட இடத்தைப் படியுங்கள்:

‘1935இல் தந்தைக்கும் மகனுக்கும் நடந்த விவாதத்தில், மேற்கத்திய இசையில் ஒலிக்கு இணையாக மௌனத்துக்கும் இடம் உண்டு என்பதை மகன் எடுத்துச் சொன்னான். முதியவர் அன்று செவிசாய்க்கவில்லை என்று தோன்றியது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, தன் கடைசிப் பெரும் பாட்டில், அந்த மௌனத்தை வைத்து மகனுக்குப் பதில் சொன்னார். இது ஓர் ஒப்புதல். பழைய இசை புதிய இசைக்குத் தலை வணங்கிய இடம்.’

எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அக்கா. எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருந்தது.

அச்சுக்கு ஓர் எண் வேண்டும். கியாஸிமின் எட்டையே வைக்கலாம் என்று இருக்கிறேன். ஏப்ரல் கச்சேரியில் முன்வரிசையில் உங்களுக்கு இடம். கறுப்புப் பட்டு உடையை எடுத்து வெயிலில் போடுங்கள்.

கைகளை முத்தமிடும்
வெதாத்

*

கான்லிஜா
1962 ஜனவரி 13

வெதாத்துக்கு,

இருமலுக்கு லிண்டன் பூவைக் கொதிக்கவைத்துக் குடி. நான் நலமாக இல்லை. உன் பத்திரிகைப் பக்கம் வந்த நாளிலிருந்து நலமாக இல்லை.

விவாதமா? நான் அந்த அறையில்தான் இருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் மேற்கத்திய இசை போதும் என்று அரசு வானொலியில் நம் இசையை நிறுத்தியிருந்தது. பாட இடமில்லாமல், காலையில் சவரம் செய்துகொண்டு, டை கட்டிக்கொண்டு, எங்கும் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார் மனிதர். மூன்று மாணவர்கள் எதிரில் இருக்கும்போது நீ சொன்னாய்: “சாராயக் கடையில குடிகாரன் பொலம்புறதுக்கு நீங்க மகாம்னு பேர் வச்சிருக்கீங்க. ரேடியோவுல நிறுத்தினது சரிதான். என்னைக் கேட்டா, எப்பவோ நிறுத்தியிருக்கணும்.” இதில் மேற்கத்திய மௌனம் எங்கே இருக்கிறது, காட்டு. அப்பா உன்னைத் திட்டவில்லை. “கப்பலுக்கு நேரமாச்சு. கெளம்பு” என்றார். நீ கிளம்பினாய். அவ்வளவுதான் உங்கள் விவாதம்.

இப்போது அந்த மௌனம். நான் எதற்கு ஆமாம் என்றேன் தெரியுமா? வெட்கத்தால். உஸ்தாத் ராசிஹ் பே பாட்டை நிறுத்திவிட்டு என்ன செய்கிறார் என்று ஊரார் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இஸ்தான்புல் பாலத்துத் துறையிலிருந்து வரும் மாலைக் கப்பல் நம் துறையில் ஒட்டும் நேரம் அது. கயிறு போடும் சத்தம், பலகை போடும் சத்தம், பிறகு நம் சந்தில் ஏறி வரும் காலடிகள். தயிர்க்காரர் நூரியின் பூட்ஸ். தபால் ஆபீஸ் ஹம்தியின் கைத்தடி. ஒவ்வொன்றும் நம் வாசலைத் தாண்டிப் போகும். கடைசி ஆளும் தாண்டிப் போன பிறகு கை இறங்கும். “இந்தத் தோட்டத்துக்கு இன்னும் என்ன குறை” என்று ஆரம்பிப்பார். பெருநாளுக்கு முந்தின மாலையில் கப்பல் நிறையக் கூட்டம் வரும். அன்றுதான் எங்களுக்குக் கால் மரத்துப்போகும். முஸெய்யெனின் பதினான்கு, அவள் பாடம் கேட்ட ஏதோ ஒரு சாதாரண வியாழக்கிழமைக் கூட்டம்.

மூடுபனியில் கப்பல் ஓடாத நாளிலும் அங்கே நின்றார். இன்று கப்பல் இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கை மட்டும் உயர்ந்தே நிற்கும். ஏழு வருடம். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரி மட்டும் சரி.

அடக்கம் முடிந்த மறுநாள் வந்தாய். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஹல்வா கிளறிய பாத்திரத்தை நான் கழுவிக்கொண்டிருந்தேன். அன்றே இதைச் சொல்லியிருப்பேன். நீ வாசலில் நின்று கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாய், எனக்கு மனசு வரவில்லை. இன்று நீ அந்த மனிதரைத் தலை வணங்க வைத்து, உனக்கு ஒப்புதல் கொடுக்க வைத்து, அதற்குக் கைதட்டலும் வாங்கிவிட்டாய். இனி என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

அந்த மௌனம் எந்த நாளில் ஆரம்பித்தது என்பதையும் எழுத வந்தேன். வேண்டாம், எழுதவில்லை.

அக்கா

*

அங்காரா
1962 பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

ரமலான் நல்லபடியாகப் போகிறதா? முழங்கால் வலியோடு நோன்பும் பிடித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். ஜனவரியில் உங்கள் கடிதம் வந்த அன்று ஆபீசிலிருந்து வந்தவர் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தார். அப்புறம் மடித்து உள்பையில் வைத்தார். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன். “அக்கா சௌக்கியமாம்” என்றார். இன்றுவரை அவ்வளவுதான்.

அச்சகத்திலிருந்து தினமும் போன். “அந்தப் பக்கத்தை மட்டும் நிறுத்தி வைங்க” என்கிறார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விரலால் மேசையைத் தட்டுகிறார். எட்டு வரை தட்டுவார், நிறுத்துவார், தலையை ஆட்டுவார், மறுபடி முதலிலிருந்து. சூப் ஆறிவிடுகிறது. நேற்று கோபம் வந்து, “உங்க அப்பாவைக் கட்டிக்கிட்டு அழறதுக்கு உயிரோட இருந்தப்போ போயிருக்கலாமே” என்று சொல்லிவிட்டேன். அவர் தட்டிக்கொண்டிருந்த விரலை மடக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணி, நான் எதைத் தொட்டுவிட்டேன்? அவரிடம் என்ன சொன்னீர்கள்?

உங்கள் கைகளை முத்தமிடும்
நெவின்

*

கான்லிஜா
1962 பிப்ரவரி 26

நெவின் கண்ணுக்கு,

நோன்பு சுலபமாகவே போகிறது. பசி எனக்குப் புதிதில்லை, முழங்காலும் பழகிவிட்டது.

நீ தவறாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவனிடம் பொய் சொல்லவில்லை. மற்றதை அவனிடமே கேள். அவன் சொல்லாவிட்டால் விட்டுவிடு, சூப்பைச் சூடு பண்ணிக் கொடு. எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு வாயைத் திறக்கவும் தெரியாது, கதவைத் தட்டவும் தெரியாது.

கண்களில் முத்தம்.
பெஹிஜே

*

அங்காரா
1962 மார்ச் 9, பெருநாள் இரண்டாம் நாள்

அக்கா,

பெருநாள் வாழ்த்து. நேரில் வந்து உன் கையை முத்தமிட வேண்டிய நாளில் தாளில் எழுதுகிறேன். இருமல் போய்விட்டது. லிண்டன் பூ குடித்தேன்.

நான் வந்தேன்.

1940 பிப்ரவரி. இசைக் கல்லூரி வேலையாக இஸ்தான்புல் வந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மாலைக் கப்பலில் ஏறினேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. கான்லிஜாவில் இறங்கியவன் நான் ஒருவன்தான். சந்தில் ஏறும்போதே அப்பாவின் குரல் கேட்டது. எனக்குத் தெரியாத புதுப் பாட்டு. ரோஜாவும் வந்தது, புல்புலும் வந்தது. அக்கா, ஐந்து வருடமாக நான் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் அங்கேயே பனியில் மண்டியிட்டு அழலாம்போல் இருந்தது. வாசலுக்கு வந்தேன். கதவு வளையத்தைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

பாட்டு நின்றது.

தந்தியும் நின்றது. வீட்டுக்குள் ஒரு சத்தம் இல்லை. என் காலடியை அடையாளம் கண்டுகொண்டுதான் நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். உன் காதுக்கு என் பாட்டு கிடையாது என்று முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. யாராவது ஒருவர் “யாரது?” என்று கேட்பீர்கள் என்று நின்றேன். யாரும் கேட்கவில்லை. திரும்பித் துறைக்கே போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் இருக்கும்வரை எனக்கு அந்தச் சந்தில் கால் வைக்கத் துணிவு வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் கியாஸிம் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து அந்தப் பாட்டைப் பாடினார். முதல் அடி முடிந்தது. அதே இடத்தில் நிறுத்தினார்! நான் பதிவை நிறுத்திவிட்டு எழுந்தேன். “ஏன் நிக்கிறீங்க?” என்றேன். “பாட்டே அப்பிடித்தான், வெதாத் பே. உஸ்தாத் அப்பிடித்தான் சொல்லிக் கொடுத்தாரு” என்றார். அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அப்பா என்னைக் கண்டு வாயை மூடவில்லை. மௌனம் பாட்டிலேயே இருந்திருக்கிறது. நான்தான் அவசரப்பட்டுத் திரும்பிவிட்டேன், இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் அடுத்த அடி வந்திருக்கும். அந்த நிம்மதியில்தான் இந்தப் புத்தகமே எழுதினேன். எனக்கு ஓர் எண் ஏன் வேண்டும் என்று இப்போது புரிகிறதா? எண்ணிப் போட்ட மௌனம் என்றால் அது யாருக்காகவும் இல்லை.

நீ அந்த அறையில் இருந்தாயா? இருந்தால் ஏன் கதவைத் திறக்கவில்லை?

பதினெட்டாம் தேதி அந்தப் பக்கம் அச்சேற வேண்டும். இதற்கு மட்டும் பதில் சொல். நான் வருவதற்கு முன்பே அந்தப் பாட்டில் அந்த மௌனம் இருந்ததுதானே? ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுது. போதும்.

உன் வெதாத்

*

கான்லிஜா
1962 மார்ச் 13

வெதாத்,

கியாஸிமிடம் ஒரு முறை ஆமாம் என்றேன். அது புத்தகமாக வந்து நிற்கிறது. இன்னோர் ஆமாம் என்னிடம் இல்லை.

நீ வருவதற்கு முன் அந்தப் பாட்டில் மௌனம் இல்லை. பாட்டே அந்த வாரம்தான் முடிந்திருந்தது. கியாஸிம் அதைக் கற்க உட்கார்ந்த முதல் நாள் அது. அறையில் அப்பா, அவன், நான். பனி காரணமாகக் கப்பல் தாமதமாக வந்தது. ஒரே ஓர் ஆள் இறங்கி ஏறி வரும் சத்தம் கேட்டது. பனியில் மற்றவர்கள் காலை ஊன்றி நடப்பார்கள், நீ இடது காலைத் தேய்த்து நடப்பாய். சிறு வயதிலிருந்தே செருப்பின் அந்தப் பக்கம்தான் உனக்குத் தேயும். அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அடியை முடித்தார், கையை உயர்த்தினார். உன் காலடி வாசலில் வந்து நின்றது.

அவர் வாயை மூடியது உன்மேல் உள்ள கோபத்தால் இல்லை. கதவு தட்டப்படுவது பாட்டில் கேட்காமல் போய்விடக் கூடாது என்று நிறுத்தினார். நான் எழப்போனேன். கையை இறக்காமலே கண்ணால் என்னை உட்காரவைத்தார். “அவனே தட்டட்டும்” என்றார். மெல்லத்தான் சொன்னார், உனக்குக் கேட்டிருக்காது. கியாஸிம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான், அவனுக்கும் கேட்டிருக்காது. அவன் பாடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

நீ உள்ளே இருப்பவர் கூப்பிடட்டும் என்று நின்றாய். அவர் வெளியே இருப்பவன் தட்டட்டும் என்று இருந்தார். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் ஒரு கழுதை, கை உயர்ந்திருக்கும்போது எழக் கூடாது என்று கற்ற கழுதை. அதற்கு இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. உன்னையும் இல்லை. அவரையும் இல்லை.

உன் காலடி திரும்பி இறங்கியது. கை முழங்காலுக்கு வந்தது. அடுத்த அடியைப் பாடினார். குரல் பிசகவில்லை. கியாஸிம் கேட்டதைக் கேட்டபடி கற்றுக்கொண்டான். அந்த முதல் நாளைத்தான் அவன் இன்றுவரை பாடுகிறான்.

அடுத்த வியாழக்கிழமை அதே இடத்தில் கை தானாக உயர்ந்தது. பிறகு நடந்ததை முன்பே எழுதிவிட்டேன்.

கச்சேரிக்கு நான் வரமாட்டேன். கறுப்புப் பட்டை வெயிலில் போடவில்லை.

எண் கேட்டாய். கியாஸிம் சொல்வது சரி, எட்டு என்றே அச்சில் போடு. அப்பா எண்ணவில்லை, நான் எண்ணினேன். கை உயர்ந்திருக்கும்போது தாளம் தட்டக் கூடாது என்பதால் பாவாடை மடிப்புக்குள் ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். பத்து வரை பார்ப்பது, அதற்குள் நீ தட்டாவிட்டால் யார் கை எங்கே இருந்தாலும் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நீ எட்டில் திரும்பிவிட்டாய்.

பெஹிஜே